கழுத்துக்குள் விழுந்த கோடு

திருப்பூருக்கு வந்த புதிதில் வேல்விழிக்குப் பிடிக்காமல் போனது அந்த ஊர்த் தண்ணீர் மட்டும்தான். வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. மற்றபடி ஊரும் பிடித்திருந்தது, வேலையும் பிடித்திருந்தது. சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். கல்யாணம் ஆன கையோடு கணவன் ராஜபாண்டியுடன் பஸ் ஏறி வந்தாள். அவன் சாயப்பட்டறைக்குப் போக, இவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். தைத்து வருகிற பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூலை ட்ரிம்மரால் வெட்டித் தள்ள வேண்டும். ட்ரிம்மர் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கத்தரி. காலையில் கையில் எடுத்தால் வேலை முடிகிறவரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேல்விழிக்குக் கண்ணும் கையும் ஒன்றாக ஓடின. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாட்களில் சூப்பர்வைசர் மயில்சாமி அவளைத்தான் முன் மேசைக்குக் கூப்பிடுவார். "கண்ணு, நீ இங்க வந்து உக்காந்துக்க. அவங்க பாக்கறப்ப உன்ற கை ஓடறதப் பாக்கட்டும்" என்பார். அன்றைக்கெல்லாம் அவள் வீடு திரும்பும்போது நடையே கொஞ்சம் வேறாக இருக்கும்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பின்னால் பாத்திரப் பட்டறைகள். விடிந்தால் தட்டுகிற சத்தம். வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் வாடகையைவிட வேல்விழியின் வயிற்றைத்தான் அதிகம் விசாரிப்பாள். "ஏங்கண்ணு, இந்த மாசமாச்சு ஏதாவது உண்டா?" என்று கேட்பாள். கெட்ட எண்ணமில்லாத கேள்விதான். ஆனாலும் வருஷக்கணக்கில் "இல்லைங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி வேல்விழிக்கு அந்த வார்த்தை கசந்துவிட்டது. சிவன்மலைக்கு நடந்தாள், பழனியில் மொட்டை போட்டாள். ராஜபாண்டி மட்டும் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டான். சம்பள நாளில் அல்வா வாங்கி வருவான்.

கை மரத்தது 2004ஆம் வருஷ மழைக்காலத்தில். முதலில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. உதறினால் சரியாகிவிடும். பிறகு தூக்கத்தில் எழுப்பத் தொடங்கியது. கையைத் தொங்கப்போட்டு உதறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளில் ட்ரிம்மர் கையிலிருந்து நழுவி விழ ஆரம்பித்தது. பக்கத்து மேசைக்காரி அபிராமி எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தபோது மயில்சாமியே கவனித்துவிட்டார். "இது சும்மா வலி இல்ல கண்ணு. நரம்பு டாக்டரப் போய்ப் பாரு" என்று லீவு கொடுத்து அனுப்பினார்.

நரம்பு டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். சுத்தியலால் முட்டியில் தட்டினார். "என்ன வேலை?" என்று கேட்டார். குனிந்தபடியே செய்கிற வேலை என்றதும் தலையாட்டினார். "கழுத்து எலும்பு தேஞ்சு நரம்ப அமுக்குதுன்னு நினைக்கறேன். எம்ஆர்ஐ ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க."

அந்த ஸ்கேன் சென்டர் திறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி ராஜபாண்டியின் கையில் கொடுத்தபோது அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டான். கொடியில் கோத்திருந்த ஊக்குகளையும் தலையிலிருந்த ஹேர்பின்னையும் ஒரு தட்டில் போட்டாள். மெஷினை இயக்குகிறவர் அவசரத்தில் இருந்தார். "அசையாமப் படுங்க. எச்சில்கூட முழுங்காதீங்க" என்று சொல்லி, கழுத்தைச் சுற்றி ஒரு கூடுபோல எதையோ மாட்டி உள்ளே தள்ளிவிட்டார்.

உள்ளே போனதும் தகரத்தை யாரோ தலைக்குப் பக்கத்தில் வைத்து அடிப்பதுபோல் சத்தம். பட்டறைச் சத்தத்தோடு வாழ்ந்தவளுக்கு அது பெரிதில்லை. இருமல்தான் வந்தது. பஞ்சுத் தூசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு உள்ள இருமல். மல்லாந்து படுத்தால் தொண்டையில் வந்து நிற்கும். அடக்கினாள். கண்ணில் நீர் வருகிறவரை அடக்கிப் பார்த்தாள். கடைசியில் உடம்பே குலுங்கிவிட்டது. அதற்குள் மரத்த கையும் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அந்த ஆள் கடுகடுத்தார். "சொன்னேனில்லம்மா அசையாதீங்கன்னு? குறுக்குவெட்டுப் படம் எல்லாம் கலங்கிப் போச்சு."

"இருமல் வந்துருச்சுங்க. திரும்பப் படுக்கட்டுங்களா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "நெடுக்குவெட்டு நல்லா வந்திருக்கு. அது போதும், போங்க."

மறுநாள் டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கழுத்தின் பக்கவாட்டுப் படம். முள்ளெலும்புகள் அடுக்கடுக்காக, அவற்றின் பின்னால் வாழைத்தண்டுபோல் தண்டுவடம், அதன் நட்டநடுவில் மேலிருந்து கீழே மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு. பேனா முனையால் அந்தக் கோட்டின்மேல் கோடு இழுத்துக் காட்டினார்.

"எலும்பு தேயலைம்மா. இது வேற. தண்டுவடத்துக்கு உள்ளயே நீர் கோத்திருக்கு. கை மரத்துப்போறதுக்கு இதான் காரணம்."

"மருந்துக்குச் சரியாகுமா சார்?" என்று ராஜபாண்டி கேட்டான்.

"இதுக்கு மருந்து கிடையாது. ரொம்பப் பெருசாச்சுன்னா ஆபரேஷன். அது லேசுப்பட்ட ஆபரேஷன் இல்ல. இப்போதைக்குக் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. இருமல், முக்கல் எதுவும் ஆகாது. மூச்சப் பிடிச்சு முக்கினா உள்ள அழுத்தம் ஏறும்."

வேல்விழி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்புக்குள் இப்படி ஒன்று இருந்துகொண்டா இத்தனை நாள் பனியனைப் புரட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து கழுத்துப் பட்டை. கம்பெனிக்குப் போவது நின்றது. அபிராமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் சோற்றுவாசம் குமட்டியது. நாள் தள்ளிப் போயிருந்ததை நோய்க்கு இடையே அவள் கவனிக்கவே இல்லை. பரிசோதித்துப் பார்த்ததில் உறுதியானது. செல்லாத்தாள் சர்க்கரையைக் கொண்டுவந்து வாயில் போட்டாள். ராஜபாண்டி பட்டறையிலிருந்து ஓடிவந்தான். நீலச் சாயம் முழங்கை வரை அப்படியே இருந்தது. சிரிக்கவும் செய்தான், பிறகு அவள் கழுத்திலிருந்த பட்டையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

டாக்டரிடம் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்தவில்லை, விரட்டவில்லை. ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார்.

"ஆசை புரியுதும்மா. ஆனா நான் சொல்ல வேண்டியதச் சொல்லிடணும். மாசம் ஏற ஏற பாரம் ஏறும். முக்கிப் பெக்கறப்ப அந்த நீர்ப்பை விரிஞ்சுதுன்னா கை மட்டும் இல்ல, ரெண்டு காலும் போயிரும். அப்புறம் அந்தப் பிள்ளைய யாரு வளக்கறது? யோசிச்சு முடிவு பண்ணுங்க."

வீட்டுக்கு வந்ததும் ராஜபாண்டி அவள் காலடியில் உட்கார்ந்தான். "எனக்கு நீ இருந்தாப் போதும் புள்ள. உன்னயப் படுக்கையில போட்டுட்டு நான் என்னத்தக் கொஞ்சப் போறேன்?" என்றான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் முறை. அவளுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் வேண்டாம் என்று முரண்டு பிடித்தது. ஆனால் அந்த வெள்ளைக் கோடு கண்முன்னால் நின்றது. "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஒரு சிறிய நர்சிங் ஹோமில் கருவைக் கலைத்தார்கள். திரும்பி வரும்போது செல்லாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். வழக்கமான கேள்வியை அன்றிலிருந்து அவள் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை வேல்விழி வீட்டுக்குள்ளேயே கழித்தாள். குடத்தைத் தூக்கியதில்லை. துணி துவைத்ததில்லை. இருமல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு, உள்ளே ஏதோ கிழியப்போகிறது என்று நடுங்கினாள். ராஜபாண்டி தண்ணீர் பிடித்து, சோறு பொங்கிவைத்து, ஷிப்ட்டுக்குப் போய், வந்து மறுபடியும் தண்ணீர் பிடித்தான். இரண்டு பேருக்கும் இடையில் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கலைத்ததைப் பற்றி ஒரு முறைகூட அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

இவ்வளவு பத்திரமாக இருந்தும் கை நாளுக்கு நாள் மோசமானது. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றி, பள்ளம் விழுந்தது. சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. நோய் பரவுகிறது என்று அவள் நினைத்தாள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவளுக்கு அதில் ஒரு வினோதமான ஆறுதல்கூட இருந்தது. பிள்ளையைப் பெற்றிருந்தால் இந்நேரம் படுத்த படுக்கைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது உதவியது.

2009இல் ஒரு நாள் அடுப்பிலிருந்த சட்டியை வெறுங்கையால் பிடித்து இறக்கினாள். சூடு தெரியவில்லை. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தாள். விரல் நுனிகள் வெந்துபோயிருந்தன. ராஜபாண்டி பயந்துபோய், வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே இருந்தவர் கட்டைவிரல் பள்ளத்தைப் பார்த்தார். பாதத்தையும் வயிற்றையும் ஊசி முனையால் குத்திப் பார்த்தார். பழைய ஃபிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ஒரு எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தார். "பழைய படத்தையும் எடுத்துட்டுப் போங்க. அங்க டாக்டரம்மாகிட்ட காட்டணும்" என்றார்.

ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்கிற அந்த டாக்டரம்மாவின் பெயர் கலைமகள். திருப்பூரில் தறி ஓட்டிய குடும்பத்துப் பெண். படுக்க வைக்கும் முன்னால் அவளே வந்து வேல்விழியின் பின்கொண்டையைத் தடவி ஒரு ஹேர்பின்னைக் கண்டுபிடித்து எடுத்தாள். இருமலைப் பற்றிச் சொன்னதும், "இருமல் வந்தா இந்தப் பந்த அமுக்குங்க. நிறுத்திட்டு, இருமி முடிச்சதுக்கப்புறம் மறுபடி எடுத்துக்கலாம்ங்க. அவசரமில்லீங்க" என்று கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். வேல்விழி இரண்டு முறை அமுக்கினாள். இரண்டு முறையும் நிறுத்தினார்கள்.

முடிந்ததும் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். விளக்குப் பெட்டியில் பழைய படம், பக்கத்துக் கம்ப்யூட்டரில் புதிய படம்.

"உங்க தண்டுவடத்துல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் கலைமகள்.

"கரைஞ்சுருச்சுங்களா?" என்று ராஜபாண்டி கேட்டான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கரையலீங்க. முதல்லயே இல்லீங்க."

புரியவில்லை. வேல்விழி பழைய ஃபிலிமைக் காட்டினாள். "கோடு இருக்கே?"

"கோடு படத்துலதாங்க இருக்கு. உங்க உடம்புல இல்ல. எம்ஆர்ஐ மெஷின் போட்டோ மாதிரி ஒரே அடியா எடுக்காதுங்க. துண்டு துண்டா தகவல் வாங்கி, கணக்குப் போட்டுப் படமா வரையும். நேரம் மிச்சமாகட்டும்னு தகவலக் குறைச்சு வாங்கினா, வெள்ளையும் கருப்பும் சட்டுன்னு மாறுற ஓரத்துக்குப் பக்கத்துல இல்லாத கோடு ஒண்ணு விழும். தண்டுவடத்தச் சுத்தி இருக்கற தண்ணி வெள்ளையாத் தெரியும், தண்டுவடம் கருப்பா இருக்கும். ரெண்டு ஓரத்துக் கோடும் நடுவுல வந்து சேர்ந்துருச்சு. இன்னைக்கு நிதானமா, தகவல் நிறைய வாங்கி எடுத்தோம். கோடு போயிருச்சு, பாருங்க."

"மெஷின் பொய் சொல்லுமாங்க?" என்றான் ராஜபாண்டி.

"பல விதமாச் சொல்லும்ங்க. படுத்திருக்கறவங்க அசைஞ்சா ஒண்ணு நாலா நிழல் விழும். ஊக்கு, பின்னு இருந்தா அந்த இடமே கருப்பாக் குழிஞ்சு போயிரும். ரூம் கதவு சரியாச் சாத்தலைன்னா வெளிய இருக்கற ரேடியோ அலை உள்ள புகுந்து படத்துக்குக் குறுக்கால ஜிப்பு வச்ச மாதிரி கோடு போடும். அதுக்குத்தான் சந்தேகம் வந்தா குறுக்குவெட்டு எடுத்துப் பாக்கறது. நீர் நெசமாவே இருந்தா அதுலயும் தெரியணும்." பழைய ஃபிலிமின் கீழ் வரிசையைக் காட்டினாள். எல்லாப் படமும் ஒன்றின்மேல் ஒன்று நிழலடித்துக் கலங்கிக் கிடந்தது. "இது உபயோகமில்லாமப் போச்சு. திரும்ப எடுத்திருக்கணும்."

வேல்விழிக்கு இருமல் நினைவுக்கு வந்தது. தான் அசைந்ததும், கடுகடுத்த அந்த முகமும், வெளியே இருந்த வரிசையும் நினைவுக்கு வந்தன. கம்பெனியில் நீடில் லைன் என்பார்கள். நூல் நன்றாகத்தான் இருக்கும். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கெட்டிருந்தால் துணி நெடுக ஒரு கோடு விழும். அப்படித்தானா இது என்று கேட்க நினைத்தாள்.

"அப்போ என் பிள்ளை?" என்றாள்.

கலைமகளுக்கு விளங்கவில்லை. ராஜபாண்டியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். அவள் எழுந்து வந்து வேல்விழியின் தோளைப் பிடித்தாள்.

கை மரத்ததற்குக் காரணம் மணிக்கட்டில் இருந்தது. அடுத்த நாள் நரம்புப் பரிசோதனையில் தெரிந்தது. ட்ரிம்மரை அமுக்கி அமுக்கி, மணிக்கட்டுக்குள் போகிற நரம்பு நெருக்குண்டு கிடந்தது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கொஞ்ச நாள் ஓய்வும் ஒரு பட்டையும் போதும், மிஞ்சினால் சின்ன ஆபரேஷன் என்றார்கள். பட்டை போட்டிருந்தாள்தான், கழுத்துக்கு.

ராஜபாண்டி மறுபடியும் கலைமகளிடம் போய் நின்றான். "முதல்ல எடுத்தது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. நான் யாரையாவது கேக்கணும்."

"புதுப் படத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதித் தர்றேங்க. இன்னொரு டாக்டர் மேல தப்புன்னு என்னால எழுத முடியாதுங்க" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. அவன் கேட்ட வரியை எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு திருப்பூர் டாக்டரிடம் போனார்கள். பழைய கிளினிக் இப்போது மூன்று மாடி. அவர் இரண்டையும் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியதை வேல்விழி கண்டாள். பிறகு சரியாகிவிட்டது.

"அன்னைக்கு இருந்த மெஷின் அப்படிம்மா. படத்துல இருந்ததத்தான் நான் சொன்னேன். நீங்களும் அசைஞ்சுட்டீங்க, இல்லையா? கலைக்கச் சொல்லி நான் சொல்லலியே, முடிவு உங்களுதுதான்." படங்களை உறையில் போட்டு நீட்டினார். "இப்ப என்ன, நல்ல சேதிதானே! ஒண்ணும் இல்லைன்னு ஆயிருச்சு. சந்தோஷமா இருங்க."

ராஜபாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வேல்விழி அவன் சட்டையைப் பிடித்தாள். வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் திட்டத் தெரியாமல் இல்லை. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அந்த ஆள் அதே அக்கறையோடு கேட்டுக்கொள்வார் என்று தெரிந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மணிக்கட்டு ஆபரேஷன் அரை நாளில் முடிந்தது. எரிச்சல் போனது. தூக்கம் வந்தது. வற்றிய சதை மட்டும் திரும்பவில்லை. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடவே இல்லை. மயில்சாமியிடம் போய் நின்றாள். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "பேக்கிங்ல உக்காந்துக்க கண்ணு, முடிஞ்சதச் செய்யி" என்றார். இடது கையால் மடித்துக் கவருக்குள் போடப் பழகினாள். முன் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

லைன் வீட்டில் எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். செல்லாத்தாள் முருகன் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசினாள். "ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்களாமே சாமி. கந்தன் கண்ணத் தொறந்துட்டான்" என்றாள். வேல்விழி குனிந்து வாங்கிக்கொண்டாள். வந்தவர்களுக்குக் காபியும் கொடுத்தாள். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாதவளுக்கு எல்லோரும் நல்ல சேதியோடு வந்தால் என்னதான் செய்ய முடியும்?

ராஜபாண்டி ஒரு நாள் மெல்லக் கேட்டான். "இன்னும் வயசிருக்கு புள்ள. பாப்போமா?"

பார்த்தார்கள். கரு தங்கவில்லை. ஏன் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. முன்பு கலைத்ததால் இருக்கலாம் என்றார் ஒருவர், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் இன்னொருவர். கடைசியாகப் பார்த்த மகப்பேறு டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, தெளிவாத் தெரிஞ்சுரும்" என்றாள்.

வேல்விழி அந்தச் சீட்டை வாங்கவில்லை. ராஜபாண்டிதான் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பஸ் ஸ்டாப்பில் வைத்து, "நாளைக்குப் போவமா?" என்று கேட்டான்.

"நீங்க போங்க" என்றாள் அவள். அனுப்பர்பாளையம் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.